நேரே போன தேர்

கீழவீதி முனையில் புதிதாக வைத்த கேமரா, வலப்பக்கம் திரும்பும் எந்த வண்டியின் சக்கரத்தையும் அங்கேயே பூட்டிவிடும். நான்கு வீதியையும் வலமாகச் சுற்ற வேண்டிய தேர் என்ன செய்யும்? இடமாகச் சுற்றினால் சாமிக்கு ஆகாது. அதனால் நேரே போய்விட்டது. சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடும் தில்லைக்கண்ணுவும் கூடவே போனார்.

தேர் நிலைக்குத் திரும்பாமல் ஊரில் கல்யாணம் நடத்தும் வழக்கம் இல்லை. தன் முகூர்த்தத்துக்கு முந்தின நாள் தில்லைக்கண்ணுவின் மகள் போன் செய்தாள்.

“எங்கப்பா இருக்கீங்க?”

“திண்டிவனம் தாண்டியாச்சும்மா. எல்லா முனையிலயும் கேமரா வச்சிருக்கானுங்க, படுபாவிங்க.”

“அவரு?”

“மாப்பிள்ளையா? முன்னால வடம் இழுக்கிறாரு.”

“சாமியும் அங்க, மாப்பிள்ளையும் அங்க. நான் மட்டும் இங்க என்ன பண்றது? பஸ் ஏறி வந்துடறேன். தேருக்கு முன்னாலயே தாலி கட்டிடட்டும்.”

தில்லைக்கண்ணு முட்டுக்கட்டையைத் தோள் மாற்றிக்கொண்டார்.

“வாம்மா. வலது பக்கம் திரும்பாத பஸ்ஸா பாத்து ஏறு.”