ராயப்பனின் கைகள்

என் அம்மா ஜெசிந்தாவுக்கும் அப்பா ராயப்பனுக்கும் பிறவியிலேயே காது கேட்காது. நாற்பது வருடமாகச் சைகையில்தான் பேசிக்கொண்டார்கள். வயதாகி அம்மாவின் பார்வையில் நடுப்பகுதி மட்டும் அழிந்தபோது, அப்பாவின் கைகள் இருந்த இடத்தில் ஒரு சாம்பல் திட்டுதான் தெரிந்தது. இரண்டு வருடமாக அம்மா மட்டுமே பேசினாள்.

போன திங்கட்கிழமை நர்ஸ் புளோரா எங்கள் தூத்துக்குடி வீட்டுக்கே வந்து பார்வை திரும்புவதற்கான ஒரு மருந்தை அம்மாவின் கையில் ஊசியால் ஏற்றினார். பிறகு ஒளி பாய்ச்சும் கண்ணாடி ஒன்றை அம்மாவுக்கு மாட்டி, கண்ணுக்குள் சேர்ந்த அந்த மருந்தை ஒளியால் வேலை செய்ய வைத்தார்.

"மூணு நாளைக்கு உடம்புல வெயிலே படக்கூடாது. தோலு வெந்துரும்."

ஜன்னல்களைப் போர்வையால் மூடினோம். அந்த இருட்டில் அப்பா அம்மாவின் கையைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார்.

நான்காம் நாள் காலை போர்வைகளை விலக்கினேன். அம்மா அப்பாவின் கைகளையே பார்த்தாள். அவர் கைகளை உயர்த்தி, 'பசிக்குதா?' என்று கேட்டார்.

அம்மாவின் கைகள் பறந்தன. 'பசி கெடக்கட்டும். ரெண்டு வருஷமா சொல்லாம விட்டதையெல்லாம் மொதல்ல சொல்லுங்க.'

புளோராவுக்குப் போன் செய்தேன். நன்றி சொல்ல வாயெடுத்தால் அழுகைதான் வந்தது.

"என்னம்மா, பார்வை வரலையா?" என்று பதறினார்.

"வந்துட்டு சிஸ்டர். ரெண்டு பேரும் இன்னும் பேசி முடிக்கல."