பூந்திக் கரண்டியும் சூரியனும்

மன்னி பூந்திக் கரண்டியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் புறப்பட்டாள்.

அம்மா நிலைப்படியில் குறுக்கே நின்றாள். மட்டாஞ்சேரி முழுவதற்கும் பூட்டுப் போட வேண்டும் என்றாலும் என் அம்மா லோகாம்பாள் தனியாளாகப் போட்டுவிடுவாள். ஒரு மருமகள் எம்மாத்திரம்?

எண்பதாம் வருஷம், மாசி மாதத்துச் சனிக்கிழமை மத்தியானம். சூரிய கிரகணம் பிடித்துவிட்டிருந்தது.

ஊறுகாய் ஜாடியிலிருந்து குடிதண்ணீர்ப் பானை வரை எல்லாவற்றிலும் அம்மா தர்ப்பை போட்டிருந்தாள். உள்ளறை ஜன்னலைப் பழைய புடவைகளால் அடைத்து, மன்னிக்கென்று அங்கே பாயும் விரித்திருந்தாள். மன்னி நீலாவுக்கு ஏழாம் மாசம். தலைச்சன் பிள்ளை.

அண்ணா வெங்கிட்டு ஏலூர் பாக்டரியில் ஷிப்டில் இருந்தான். வீட்டில் இருந்திருந்தாலும் பத்திரிகைக்குப் பின்னால்தான் இருந்திருப்பான்.

வாசலில் ஐந்தாறு பெண் குழந்தைகள் காத்திருந்தார்கள். மன்னியின் ஏழாம் வகுப்பு சயன்ஸ் மாணவிகள். சந்திரன் குறுக்கே வருகிறது, நிழல் விழுகிறது, கிரகணம் அவ்வளவுதான் என்று ஒரு வாரமாக மலையாளத்திலும் தமிழிலுமாக மாற்றி மாற்றிச் சொல்லிக்கொடுத்திருந்தாள். கண்ணால் காட்டுகிறேன், வீட்டுக்கு வாருங்கள் என்றும் சொல்லியிருந்தாள். மற்றக் குழந்தைகளின் வீடுகளில் அம்மாக்கள் ஜெயித்துவிட்டார்கள் போலிருக்கிறது. வந்தவர்களும் மதிலோரமாக, ஓடத் தயாராக நின்றார்கள்.

"எங்கம்ம சொன்னா, டீச்சர் வெளிய நின்னா நீயும் நில்லு, இல்லேன்னா ஓடி வந்துருன்னு," என்றாள் ஆவுடையம்மாள், வாசலுக்குள் எட்டிப் பார்த்து. சந்தையில் காய்கறி விற்கும் மாடத்தியின் மகள் அவள்.

அதுதான் விஷயம். மன்னி உள்ளே போய்ப் படுத்துக்கொண்டால் ஒரு வாரப் பாடமும் பொய்யாகிவிடும். டீச்சரே பயந்துவிட்டாள் என்று இந்தக் குழந்தைகளும் ஆயுசுக்கும் பயந்துகொண்டிருப்பார்கள்.

"எந்தினாக்கும் இந்தப் பிடிவாதம்? உனக்குப் பயமில்லை, சரி. வயத்துல இருக்கறதுக்கு வாய் இருக்கா, வேண்டாம்னு சொல்ல?" என்றாள் அம்மா.

"வழி விடுங்கோம்மா."

அம்மா விடவில்லை. மன்னி ஒரு கையால் வயிற்றைத் தாங்கிக்கொண்டு நேராக நடந்தாள். ஏழு மாத வயிற்றோடு யாரால் மோத முடியும்? அம்மாதான் ஒதுங்க வேண்டியதாயிற்று. அப்படி அம்மா ஒதுங்கி நான் பார்த்ததே இல்லை. எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது.

எதிர்வீட்டு ஜன்னல்கள் ஒரு விரற்கடை திறந்தன. கிரகணத்தைப் பார்க்கத்தான் கூடாது, அடுத்த வீட்டு மருமகளைப் பார்க்கலாம் போலும்.

வெயில், திரியை இறக்கிய விளக்குப் போல மங்கிக்கொண்டே வந்தது. சுக்கு மூட்டை இழுக்கும் கைவண்டிகள் ஆளில்லாமல் சந்து முனையில் நின்றன.

"மேலே யாரும் பாக்கப்படாது. சுவரை மட்டும் பாருங்கோ," என்றாள் மன்னி. வெள்ளையடித்த மதிலுக்குச் சற்றுத் தள்ளி, சூரியனுக்கு நேராகக் கரண்டியைப் பிடித்தாள்.

சுவரில் கரண்டியின் நிழல் விழுந்தது. அதன் ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு பிறை. வட்டமாக விழ வேண்டிய வெளிச்சம் எல்லாம் குட்டிக் குட்டிப் பிறைகளாக விழுந்திருந்தது.

குழந்தைகள் கூச்சல் போட்டார்கள். ஆவுடையம்மாள் சுவரைத் தொட்டாள். பிறைகள் அவள் புறங்கையில் ஏறின. அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை, திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எனக்கு அப்போது பதினொரு வயது. எப்போது படியிறங்கினேன் என்றே தெரியாமல் நானும் கையை நீட்டிக்கொண்டு நின்றேன். அன்றைய சந்தோஷத்தை இன்றைக்கும் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

அம்மாவின் குரல் உடைந்தது.

"நீலா! உங்கம்மா பண்ணின தப்பை நீயும் பண்ணாதேடி!"

மன்னி கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் எல்லோரும் மனசுக்குள் வைத்திருந்த பேச்சு அது. எதிர் ஜன்னல்களிலும் அதே பேச்சுதான். யாரும் அதுவரை வாய்விட்டுச் சொன்னதில்லை.

மன்னி கரண்டியை இறக்கவில்லை. இன்னொரு கையின் விரலை எடுத்துத் தன் மேலுதட்டில் வைத்தாள்.

அங்கே மூக்குவரை ஒரு தையல் தழும்பு உண்டு. பிறக்கும்போதே பிளந்திருந்த உதடு. எங்கள் வீட்டில் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை, அதனால் நானும் இதுவரை சொல்லவில்லை.

"எங்கம்மா வெளில வரவே இல்லை," என்றாள் மன்னி. அம்மாவுக்கு மட்டுமல்ல, ஜன்னல்களுக்கும் கேட்கும்படி சொன்னாள். "நான் வயத்துல இருந்தப்போ வந்த கிரகணம் விடற வரைக்கும் அவ மாமியார் அவளை இருட்டறைல வச்சுப் பூட்டியிருந்தா. நான் இப்படிப் பொறந்ததும் அதே மாமியார், நீ ஒளிஞ்சு பாத்திருப்பேன்னு அவளை அடிச்சா. எங்கம்மா சாமி முன்னால சத்தியம் பண்ணினா. யாரும் நம்பலை. நானும் நம்பலை."

அம்மா நிலைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மன்னி குழந்தைகள் பக்கம் திரும்பினாள்.

"உங்க வயசுல இந்தப் பாடத்தைப் படிச்சேன். அன்னிக்குத்தான் ஸ்கூல்லேர்ந்து ஆத்துக்கு ஓடிப்போய், உன்னை நம்பறேம்மான்னு சொன்னேன்."