நீலச் சால்வை போட்ட நாற்காலி

அரங்கத்தின் கதவு திறக்கும்போதெல்லாம் ஒரு கீற்று வெளிச்சமும் எழுத்தாளரின் குரலில் அரை வாக்கியமும் வெளியே வந்து பதிவு மேசைமேல் விழுகின்றன. விண்வெளிக் கதை வாசகர்களின் ஆண்டுச் சந்திப்பு. மேசையில் இருப்பவள் பல் மருத்துவர் ஒருவரின் உதவியாளர். மூன்று நாள் விடுப்பு எடுத்து வந்திருக்கிறாள். நான்கு ஆண்டுகள் கடிதம் எழுதி எழுத்தாளரை வரவழைத்தவளும் அவள்தான். மடியிலிருக்கும் அவருடைய நாவலின் முதுகு பிய்ந்து, ஒட்டி, மறுபடி பிய்ந்திருக்கிறது. அவளுக்குப் பதிலாக வந்து உட்கார வேண்டிய நண்பர் உள்ளே ஒலிபெருக்கியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார். கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு கண்ணாடிக்காரர் வெளியே வருகிறார். "என்னங்க இது, உட்கார எடமே இல்ல. பணம் கட்டித்தானே வந்திருக்கோம்? மேனேஜரைக் கூப்பிடுங்க." "மேனேஜர்லாம் இல்ல சார். படிக்கிறவங்க நாங்களே சேர்ந்து நடத்துறோம்." இருவர் கழுத்திலும் தொங்கும் அட்டையில் 'உறுப்பினர்' என்றுதான் இருக்கிறது. அவர் அதைப் பார்க்கவில்லை. "முன்வரிசையில யாரோ சால்வையைப் போட்டு எடம் பிடிச்சு வச்சிருக்காங்க. காலையிலேர்ந்து ஆளையே காணோம்." அவள் விரல் நாவலின் முதுகைத் தடவுகிறது. நீலச் சால்வை. காலையில் நாற்காலிகளைப் போட்டு முடித்த கையோடு அவள் தனக்கென்று விரித்தது. "எடுத்துட்டு உட்காருங்க சார்." "அவங்க வந்துட்டா?" "வர மாட்டாங்க." அவர் கதவைத் திறக்கிறார். எழுத்தாளர் அந்த நாவலைத்தான் வாசித்துக்கொண்டிருக்கிறார். 'பூமி கண்ணுக்குத் தெரிந்ததும் அவள்' என்பதோடு கதவு மூடிக்கொள்கிறது. மிச்ச வாக்கியத்தை மேசையில் இருப்பவளின் உதடுகள், ஓர் எழுத்தும் பிசகாமல், சொல்லி முடிக்கின்றன.