வெளியாள்

மத்தியான வெயிலில், உதட்டில் காய்ந்த ரத்தத்தோடு பூங்கோதை பிறந்த வீட்டுக் கதவைத் தட்டினாள். குடும்ப அட்டையில் பெயர் இல்லாதவர்களுக்கு அந்தக் கதவு திறக்காது. மீறித் தள்ளினால் மிளகாய்ப்புகை அடிக்கும். கல்யாணமான மறுவாரமே அப்பா அவள் பெயரைப் புருஷன் வீட்டு அட்டைக்கு மாற்றியிருந்தார்.

"தள்ளிராதடி, கண்ணு போயிரும்!" உள்ளிருந்து அம்மா அலறினாள். "வெளியாளுக்குத் தெறக்க அப்பா கைரேகை வேணுமாம். என் கைக்கு அசைய மாட்டேங்குது."

"எப்பம்மா வருவாரு?"

"ஆறு மணியாவும். திரும்பவும் அடிச்சானாடி?"

பூங்கோதை வாய் திறப்பதற்குள் கதவு அவளிடம் மரியாதையாகப் பேசியது.

"பயப்படாதீர்கள் அம்மா. உங்கள் குடும்பத் தலைவருக்குத் தகவல் சொல்லிவிட்டோம். உங்களை அழைத்துப்போக உங்கள் கணவர் கிளம்பிவிட்டார்."