எதிராக ஒரு கை

குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் முப்பத்தெட்டுக் கைகள் உயர்ந்து இறங்குகின்றன. இனி வீட்டுக்குள் நாலு பேர் கூடிப் பிரார்த்தனை செய்யக்கூடாதாம். தீர்மானம் எல்லாருக்கும் பொது. கூடுவதென்னவோ நர்ஸம்மா வீட்டில் மட்டும்தான். "எதிர்க்கிறவங்க?" என்கிறார் செயலாளர், பதிவேட்டிலிருந்து தலை நிமிராமல். வேலை முடிந்து வந்த சீருடையோடு கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் நர்ஸம்மா கையைத் தூக்குகிறாள். மின்விசிறி கடகடக்கிறது. அந்தக் கையால் ஊசி போட்டுக்கொண்டவர்களில் பாதிப் பேர் ஜன்னல் வெயிலைப் பார்க்கிறார்கள். "ஒரே ஒரு ஓட்டுதானேம்மா, ஒருமனதாகன்னு எழுதிடவா? பார்க்க நல்லாயிருக்கும்." "நான் கையை இறக்கினதும் எழுதிக்குங்க சார்," என்கிறாள். தோள் கடுக்கிறது. மறு கையால் முழங்கையைத் தாங்கிப் பிடித்துக்கொள்கிறாள்.