நல்ல ஸ்பெசிமன்

ஜெசிந்தா மேடம் கண்ணாடி ஜாடியை இரண்டு கைகளாலும் தூக்கி வந்து மேசையின் நடுவில் வைத்தார்.

மூடியைத் திறந்ததும் ஃபார்மலின் நெடி கண்ணில் ஏறியது. முன்வரிசைப் பெண்கள் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.

"இதுதான் யூட்ரஸ். நம்ம காலேஜ் சேர்மன் சாரோட திண்டிவனம் ஆஸ்பத்திரியிலருந்து வந்திருக்கு. இனிமே பிளாஸ்டிக் மாடலைக் கட்டிக்கினு அழ வேணாம்."

தமிழ்மொழி எட்டிப் பார்த்தாள். விழுப்புரத்தில் நர்சிங் சேர்ந்து அவளுக்கு இது முதல் வருடம். புத்தகத்தில் இளஞ்சிவப்பாகப் பார்த்திருந்த கருப்பை, ஜாடிக்குள் வேகவைத்த சேப்பங்கிழங்கின் நிறத்தில் கிடந்தது. கைக்குள் அடங்கிவிடும். இதுக்குள்ளயா புள்ள இருந்துது என்று பக்கத்தில் இருந்தவள் முணுமுணுத்தாள்.

மேடம் கையுறை மாட்டி, ஃபோர்செப்ஸால் தொட்டுத் தொட்டுக் காட்டினார். உடல், கழுத்து, மூன்று அடுக்குச் சுவர். இரண்டு பக்கமும் குழாய். குழாயின் முனையில், பாதாம் பருப்பு அளவில் சினைப்பைகள்.

அந்தச் சினைப்பையில் சுரப்பதுதான் பெண்ணின் எலும்பைக் காக்கிறது என்றார். காலத்துக்கு முன்னால் அது நின்றுபோனால் எலும்பு தேயும், உடம்பு காந்தும், தூக்கம் போய்விடும்.

தமிழ்மொழியின் பேனா நின்றது.

அவள் அம்மா ருக்குவுக்கு வயது முப்பத்தெட்டு. கூட்டேரிப்பட்டுப் பக்கம் கடலைக் கொல்லையில் மல்லாட்டை பறிக்கவும் கரும்பு வெட்டவும் ஓடிக்கொண்டிருந்தவள். வெள்ளைப்படுகிறது என்று திண்டிவனத்தில் இதே சேர்மனிடம்தான் காட்டப் போனாள். அவர்தான் அங்கே டாக்டர். விட்டால் புற்றுநோயாகிவிடும் என்று சொல்லி, உள்ளே இருந்த எல்லாவற்றையும் எடுத்துவிட்டார். தமிழ்மொழி அப்போது ஒன்பதாம் வகுப்பு.

அதற்குப் பிறகு குந்தினால் சுவரைப் பிடிக்காமல் அம்மாவால் எழுந்திருக்க முடியவில்லை. மார்கழிக் குளிரிலும் முந்தானையால் விசிறிக்கொள்வாள். ஆனாலும் டாக்டரைப் பற்றி வீட்டில் யாரும் ஒரு சொல் குறைவாகப் பேசிவிட முடியாது. உயிரைக் காப்பாற்றியவர்.

"நல்லா பாத்துக்கோங்க. கட்டி இல்ல, புண் இல்ல, ஒரு குறையும் இல்ல. இவ்ளோ நல்ல ஸ்பெசிமன் லேசுல கெடைக்காது."

தமிழ்மொழி எழுந்து நின்றாள்.

"நல்லா இருந்தா ஏன் மேடம் எடுத்தாங்க?"

மேடம் ஜாடியைப் பார்த்தார். பிறகு கதவைப் பார்த்தார். ஃபோர்செப்ஸை மெதுவாகத் தட்டில் வைத்தார்.

"அது உங்க சிலபஸ்ல இல்ல. உக்காரு."

இடைவேளை மணி அடித்ததும் தமிழ்மொழி வராந்தாவின் கோடிக்குப் போய் அம்மாவுக்கு போன் போட்டாள். உனக்கு நோயே இல்லம்மா என்று சொல்லிவிட வேண்டும். எப்படித் தொடங்குவது என்றுதான் தெரியவில்லை.

அம்மா அவளைத் தொடங்க விடவில்லை.

"சொல்லு பாப்பா. டாக்டரு ஆஸ்பத்திரியிலதான் இருக்கேன். பக்கத்து வூட்டு பானுப்ரியாவ இட்டுக்கினு வந்தேன். அவளுக்கும் எடுத்துடணும்னு சொல்லிட்டாரு."

பானுப்ரியா அக்காவுக்கு இன்னும் முப்பது ஆகவில்லை. தமிழ்மொழி விடுதிக்குக் கிளம்பிய அன்று விடியற்காலையில் எழுந்து கேப்பை அடை சுட்டுக் கட்டிக் கொடுத்தவள்.

"வேணாம்மா. அக்காவ வெளிய இட்டுக்கினு வந்துடு. உனக்கும் எடுத்திருக்கவே வேணாம்மா. இன்னிக்கித்தான் கிளாஸ்ல…"

அந்தப் பக்கம் செருப்புச் சத்தம் கேட்டது. ஒரு கதவு சாத்தியது. பிறகு பஸ் ஹாரன்கள். அம்மா ரோட்டுக்கு வந்துவிட்டாள்.

"தெரியும்" என்றாள்.

தமிழ்மொழிக்குச் சரியாகக் கேட்கவில்லையோ என்று தோன்றியது.

"பெரியாஸ்பத்திரில முட்டி வலிக்குக் காட்டப் போனப்பவே அந்த டாக்டரம்மா சொல்லிடுச்சு, ஒண்ணுமில்லாததுக்கு வயித்தக் கிழிச்சிட்டாங்கன்னு. சண்ட போடத்தான் இவர்கிட்ட வந்தேன் பாப்பா. மண்ண வாரித் தூத்திட்டுப் போவலாம்னு வந்தேன்."

"அப்புறம்?"

"குந்த வச்சி, பொண்ணு என்னா படிக்குதுன்னு கேட்டாரு."

அந்த வகுப்பில் ஃபீஸ் கட்டாமல் படிப்பவள் தமிழ்மொழி ஒருத்திதான். டாக்டரின் நல்ல மனசு என்றுதான் இத்தனை நாளும் எல்லோரிடமும் சொல்லிவந்தாள்.

"அக்காவுக்கு முன்ன யார் யாரம்மா இட்டுக்கினு போன?"

பஸ் ஹாரன்கள் குறைந்தன. அம்மா உள்ளே திரும்பிவிட்டாள்.

"பானுவுக்கு மயக்க ஊசி போட்டுட்டாங்க. நீ கிளாசுக்குப் போ பாப்பா. நல்லா படி."

போன் அணைந்தது.

வகுப்பில் வருகைப் பதிவு எடுக்க ஆரம்பித்திருந்தார்கள். தமிழ்மொழி பின்பக்கமாக நுழைந்து தன் இடத்தில் உட்கார்ந்தாள். ஒவ்வொரு பெயராக வந்தது.

அவள் பெயர் வந்தபோது எழுந்து நின்று, "பிரசன்ட் மேடம்" என்றாள்.