சத்தம் வேண்டாம்

“அருமை, தொகுஜி ஐயா! அப்படியே படுத்திருங்க. எல்லாரும் முதல்லேருந்து, இன்னும் ஒரே ஒரு தடவை!”

கேமராவைத் திருப்பி வைத்தபடியே சொன்னார் ஹென்னிங். சவப்பெட்டிக்குள் பூக்களுக்கு நடுவே படுத்திருந்தார் தொகுஜி. சுற்றி மண்டியிட்டிருந்த கறுப்பு உடைக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு மறுபடி தலை குனிந்தார்கள்.

ஹென்னிங் டென்மார்க்காரர். ஜப்பானிய மொழியை ஊர்க்காரர்களைப் போலவே பேசுவார். படத்தில் மட்டும் ஒருவரையும் பேசவிட மாட்டார். ஒரு கிழவர், ஒரு கிழவி, மழை, தேநீர், கடைசியில் கிழவரின் சாவு. இவ்வளவுதான் கதை, இதற்கு இந்த மலைக்கிராமத்தில் மூன்று வருடம்.

உதவிக்கு வந்தவர்கள் அலுத்துப்போய் எப்போதோ விமானம் ஏறிவிட்டார்கள். பணம் போட்டவர்களும் இந்த வாரத்தோடு மூட்டை கட்டச் சொல்லிவிட்டார்கள். சாவுக் காட்சி இன்று சரியாக வராவிட்டால் மூன்று வருடமும் குப்பைக்குத்தான். மனிதர் பாவம், நிற்கக்கூடத் தெம்பில்லாமல் களைத்துப் போயிருந்தார்.

தொகுஜியை நினைத்துத்தான் அவருக்குப் பயம். போன வாரம் ஒத்திகையில் பிணமாகப் படுக்கச் சொன்னால், கிழவர் தும்மினார், முதுகைச் சொறிந்தார். எழுந்து உட்கார்ந்து, “ஏன் டைரக்டரே, பொணத்துக்கு ஒரு கிண்ணம் சாராயம் குடுத்தா ஆகாதா?” என்று கேட்டார். மனைவி கிகுயே கேமராவைப் பார்த்தே சிரித்துவிட்டாள். அன்றைய பொழுது அப்படியே போயிற்று.

மறுநாளே கேமராவைப் பழுது பார்க்க ஹென்னிங் நகரத்துக்குப் போய்விட்டார். நேற்று மாலை ஊர்த் தலைவர் குரோகி அங்கே போன் செய்தார்.

“நாளைக்குத் தொகுஜி வீட்டுல... அது வந்து... கொஞ்சம் சிரமமா இருக்கும்ங்க.”

“சிரமம் பார்த்தா சினிமா எடுக்க முடியுமா தலைவரே? காலையில முதல் பஸ்ஸுக்கே வந்துடறேன்!”

மறுமுனையில் நீளமாக ஒரு மூச்சு. “அப்படிங்களா...” என்று போனை வைத்துவிட்டார் குரோகி.

வந்து பார்த்தால் கேட்டதற்கு மேலேயே செய்து வைத்திருந்தார்கள். வாசலில் கறுப்பு வெள்ளைத் துணி, உள்ளே ஊதுபத்திப் புகை, கோவிலிலிருந்து பிக்கு, சந்தில் பிணம் ஏற்றிப் போகிற நீளமான கறுப்புக் கார். கார் காட்சியை மறைக்கிறது என்று தள்ளி நிறுத்தச் சொன்னார் ஹென்னிங். டிரைவர் கடிகாரத்தைப் பார்த்தார், குனிந்து வணங்கினார், காரை நகர்த்தினார்.

பிக்கு மணியைத் தட்டி ஓத ஆரம்பித்ததும் ஹென்னிங் பதறிப் போனார்.

“சாமி, சாமி! சத்தம் வேண்டாம். சும்மா உட்கார்ந்திருங்க, அது போதும்.”

பிக்கு குரோகியைப் பார்த்தார். குரோகி தரையைப் பார்த்தார்.

“இந்தப் படம் ஊரே சேர்ந்து ஒத்துக்கிட்ட விஷயமாச்சே சாமி. கொஞ்சம் பொறுத்துக்குங்க” என்று முணுமுணுத்தார். பிக்கு மணியைக் கீழே வைத்துவிட்டார்.

“கிகுயே அம்மா, நீங்க அழவே கூடாது. அழுதா காட்சி கெட்டுப்போயிடும். சும்மா அவரையே பார்த்துட்டிருங்க.”

“சரிங்க” என்றாள் கிகுயே. அவள் முகத்தில் இருந்த அலுப்பைப் பார்த்து ஹென்னிங் அசந்து போனார். போன வாரம் சிரித்த கிழவியா இவள், எங்கே ஒளித்து வைத்திருந்தாள் இந்த நடிப்பை!

ஒரு தடவை மேகம் மறைத்தது. ஒரு தடவை யாரோ இருமினார்கள். இன்னொரு தடவை எல்லாம் சரியாக வந்தும் ஹென்னிங்குக்கு மனசு ஆறவில்லை. கிழடுகளுக்கு முழங்கால் மரத்துப்போனது. ஆனாலும் ஒருவரும் முடியாது என்று சொல்லவில்லை. இந்த ஊரில் யாரும் அந்தச் சொல்லை முகத்துக்கு நேரே சொல்லிப் பழகியதில்லை.

கடைசியில் வெயில் உள்ளே வந்தது. யாரும் சொல்லிக் கொடுக்காமலே கிகுயே கையை நீட்டித் தொகுஜியின் கன்னத்தைத் தடவினாள். கலைந்திருந்த ஒரு பூவைச் சரி செய்தாள். ஹென்னிங்குக்குக் கண் கலங்கிவிட்டது. இதற்காகத்தானே மூன்று வருடம் நாயாய் அலைந்தார்!

“முடிஞ்சது! எல்லாருக்கும் ரொம்ப நன்றி! தொகுஜி ஐயா, பிரமாதப்படுத்திட்டீங்க. போதும், எழுந்திருங்க!”

யாரும் நிமிரவில்லை. கிகுயே மட்டும் ஹென்னிங் பக்கம் திரும்பி உட்கார்ந்து, நெற்றி பாயில் படும்படி குனிந்து வணங்கினாள்.

“தொந்தரவுக்கு மன்னிக்கணும்... இனிமே அவரை எரிக்கக் கொண்டுபோகலாங்களா?”